மூக்கு நேராகிவிட்டது, கண்ணாடிதான் நிற்குதில்லை

நேற்று மூன்றாவது தடவையாகக் கண்ணாடி கழிவு ஒயில் தட்டுக்குள் விழுந்தது. இன்று காலை கிளிநொச்சிக்குப் போய்ச் சட்டத்தை நிமிர்த்தி, மூக்கில் படுகிற இரண்டு சிலிக்கன் துண்டுகளையும் பெரிதாக மாற்றிக்கொண்டு வந்தேன். அந்தச் சூடு ஆறுமுன் எழுதுகிறேன். மூக்கு ஒப்பரேசன் செய்யலாமா என்று போன கிழமை கேட்ட தம்பியும் இதைப் படிக்கட்டும்.

பரந்தனில் மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். மூக்கு உடைந்தது 2008இல், இடம்பெயர்ந்து போகும்போது உழவு இயந்திரப் பெட்டிக்குள் அலுமாரி சரிந்து. உடைந்த மூக்கை ஒன்றிரண்டு கிழமைக்குள் பிடித்து நேராக்கினால்தான் சரி வரும், விட்டால் கோணலாகவே பொருந்திவிடும் என்று பிற்பாடு டொக்டர் சொன்னார். அந்த இரண்டு கிழமைக்குள் நாங்கள் மூன்று இடம் மாறியிருந்தோம்.

அப்புறம் 15 வருஷம் ஒரு துவாரத்தால்தான் மூச்சு. நடுச்சுவர் இடப்பக்கம் சரிந்து கிடந்தது, மூக்கின் மேலே திமில்போல ஒரு மேடு. இரவில் அடைப்பு நீக்குகிற ஸ்பிரே. அதைச் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்து அடித்தால் அதுவே மூக்கை அடைக்கத் தொடங்கும் என்று தெரியாமல் மாதக்கணக்கில் அடித்தேன்.

நடுச்சுவரை மட்டும் நேராக்க அரச ஆசுப்பத்திரியில் காசில்லை, காத்திருந்தால் போதும். எனக்குத் திமிலும் போகவேண்டும். கொழும்பில் தனியாரிடம் போனேன். அந்தக் காசுக்கு ஒரு பழைய பல்சர் வாங்கியிருக்கலாம். டொக்டருக்கு ஒரு நடிகரின் படத்தைக் காட்டினேன், அவர் சரியாகப் பார்க்கவுமில்லை. ஆம்பிளை மூக்கை நடுவில் குழித்தால் முகமே மாறிவிடும், உதட்டுக்கும் நுனிக்கும் இடைக்கோணம் 90, 95 பாகையில் நிற்கவேண்டும், நேர்க்கோடாகச் செதுக்கித் தருகிறேன் என்றார். சொன்னபடி செய்தார். அதில் குறை சொன்னால் என் வாய் அழுகும்.

முதல் கிழமை கண்ணைச் சுற்றிக் கறுப்பு. ஏழாம் நாள் மேலே வைத்திருந்த அச்சைக் கழற்றினார்கள். நுனி வீக்கம் வற்ற ஒரு வருஷம் போனது.

மூச்சைப் பற்றிச் சொல்வதென்றால், இப்போது வாயை மூடிக்கொண்டு தூங்குகிறேன். இன்னும் சில மணிக்கொரு தடவை ஒரு பக்கம் இறுகி மற்றப் பக்கம் திறக்கும். பயந்துபோய் டொக்டருக்குப் போன் எடுத்தேன். அது எல்லார் மூக்கிலும் மாறி மாறி நடக்கிறதுதானாம், எனக்குத்தான் இரண்டு பக்கமும் வேலை செய்து பழக்கமில்லை. நான் எதிர்பார்க்காதது மணம். வண்டி வாசலுக்கு வரும்போதே ஒயில் எரிகிறதா, காபரேட்டர் பெற்றோலைக் கூட இழுக்கிறதா என்று பிடித்துவிடுகிறேன். முந்தி கடைப் பெடியன்தான் மணந்து சொல்வான்.

சரி, கண்ணாடிக்கு வருவோம். ஆறு கிழமைக்கு மூக்கில் பாரம் வைக்கக்கூடாது என்றார்கள். பிளாஸ்ரரால் நெற்றியில் ஒட்டிக்கொண்டு வேலை செய்தேன், சனம் சிரித்தது, பரவாயில்லை. அதற்குப் பிறகுதான் விளங்கியது: அந்தத் திமில்தான் முளை, கண்ணாடி அதில் கட்டின மாடு. முளையைப் பிடுங்கக் காசு கொடுத்தவன் நான். சோளகக் காலத்தில் வியர்வையும் கிரவல் புழுதியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டு கையும் கிரீஸ், தோளால் தள்ளுகிறேன், முழங்காலால் தள்ளுகிறேன். நுனி இன்னும் கொஞ்சம் மரத்துத்தான் கிடக்கிறது, அதனால் கண்ணாடி இறங்குவதே தெரியாது. தட்டில் 'டொப்' என்று கேட்டால்தான் தெரியும். பின்னால் கயிறு கட்டிப் பார்த்தேன். மனிசி என்னை 'பென்சன்காரர்' என்று கூப்பிடத் தொடங்கியதும் கழற்றிவிட்டேன்.

கையெழுத்து வாங்கின படிவத்தில் இரத்தப்போக்கு, கிருமி, இரண்டாந்தரம் வெட்ட வேண்டி வரலாம் என்று எல்லாம் இருந்தது. கண்ணாடி இல்லை. காட்டப் போன மூன்று தடவையும் கண்ணாடியோடுதான் டொக்டர் முன்னால் இருந்தேன்! நானும் கேட்கவில்லைத்தான்.

தம்பி, மூச்சு அடைக்கிறதென்றால் நடுச்சுவரைத் திருத்து, இலவசமாகவே திருத்து. திமிலில் கை வைக்காதே. முகம் பார்க்கிற கண்ணாடியில் அந்தத் திமிலைத் தேடிப் பார்க்கிற நாளும் இருக்கிறது, வடிவாய்த்தான் இருக்கிறாய் என்று எனக்கு நானே சொல்கிற நாளும் இருக்கிறது. இன்றைக்கு முதலாவது. இதை எழுதி முடிப்பதற்குள் புதுத் துண்டு போட்ட கண்ணாடி இரண்டு தடவை இறங்கிவிட்டது.