ஒரு மெழுகுத் துண்டுக்காக அலைந்த கதை

அத்தானின் சிகிச்சைக்குத் துணையிருக்கவே இம்முறை ஊருக்கு வந்தேன். கழுத்தில் வலியில்லாத வீக்கம். டான்சிலில் புற்றுநோய் என்று பயாப்சி அறிக்கை சொன்னது. ஆனால் அதில், வைரஸால் வந்த புற்றைக் காட்டிக்கொடுக்கும் பி16 புரதப் பரிசோதனையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. புகையிலையையே தொடாதவருக்கு டான்சிலில் புற்றுநோய் என்றால், அது எச்.பி.வி. என்னும் மனித பாப்பிலோமா வைரஸால் வந்ததா என்றல்லவா முதலில் பார்க்க வேண்டும்? நான் வாழும் நாட்டில் யாரும் கேட்காமலேயே பயாப்சியோடு சேர்த்து அதையும் பார்த்துவிடுவார்கள்.

விட்டுப்போன பரிசோதனையைச் செய்ய, திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக் தேவைப்பட்டது. ஆய்வகத்தில் கேட்டால் மருத்துவரின் கடிதம் வேண்டும் என்றார்கள். கடிதத்தோடு போனால் நோயாளியே நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்றார்கள். விழுங்கவே சிரமப்படும் அத்தானைக் கூட்டிக்கொண்டு போய் நின்றால், பிளாக்குகளுக்குப் பொறுப்பானவர் விடுப்பில் இருக்கிறார், பிறகு வாருங்கள் என்றார்கள். முன்பெல்லாம் தெரிந்தவர் ஒருவர் சொன்னால் போதும், வேலை நடந்துவிடும். இப்போது அந்த வழியும் இல்லை, ஒழுங்கான நடைமுறையும் இல்லை. ஒருவழியாகக் கைக்கு வந்தது ஒரு சிறிய பிளாஸ்டிக் சட்டம். அதன் விளிம்பில் எண், நடுவே மெழுகுக்குள் நகக்கண் அளவு திசு. அதை மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றிப் பார்க்கையில், 70 விழுக்காட்டுக்குக் குறையாத புற்றணுக்களில் சாயம் அழுத்தமாகப் பிடித்திருந்தால் பி16 பாசிட்டிவ். அத்தானுக்குப் பாசிட்டிவ்.

அதன்பின் புற்றுநோய் மருத்துவர் பேசிய விதம் என்னை நெகிழவைத்தது. மருந்துச் சீட்டின் பின்புறத்தில் தொண்டையை வரைந்து, வைரஸால் வரும் இவ்வகை சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் என்பதால், பிழைத்தபின் விழுங்குவதும் உமிழ்நீர் சுரப்பதும் எப்படியிருக்கும் என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும் என்றார். வழக்கமான வழிகள் இரண்டு: நேரே அறுவை, அல்லது சிஸ்பிளாட்டின் என்னும் புற்றுநோய் மருந்தோடு 35 தவணைகளில் மொத்தம் 70 கிரே அளவு கதிர்வீச்சு. மூன்று வாரத்துக்கொருமுறை டோசிடாக்சல் என்னும் இன்னொரு புற்றுநோய் மருந்தும் சிஸ்பிளாட்டினும் முதலில் கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, பிறகு ரோபோ கரத்தால் வாய்வழியே அறுவை செய்து, கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டால், கதிர்வீச்சைக் குறைக்கலாம், சிலருக்குத் தவிர்க்கவும் கூடும் என்பது மூன்றாவது. இது இன்னும் ஆய்வில் இருக்கும் முறை, நிலைநாட்டப்பட்டதன்று என்பதை அவரே சொல்லி, ஒப்புதல் படிவத்திலும் எழுதினார். இத்தனை பொறுமையை நான் வாழும் நாட்டில் அச்சிட்ட கையேடுகளில்தான் கண்டிருக்கிறேன்.

நாங்கள் மூன்றாவதைத் தேர்ந்தோம். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் செவியையும் பாதிக்கலாம் என்பதால், இரத்தப் பரிசோதனையையும் செவித்திறன் சோதனையையும் அன்றே முடித்தார்கள். இடையில் எடுக்கும் ஸ்கேனில் கட்டி சுருங்கவில்லையென்றால் கதிர்வீச்சுக்கு மாறுவது என்றும் இப்போதே பேசி வைத்திருக்கிறோம்.