ஐவிஎஃப் செலவுக்கு அரசுப் பணம்: ஏழு ஆண்டுகளில் எனக்குக் கிடைத்ததும் கைநழுவியதும்

முட்டையை வெளியே எடுத்து, ஆய்வகத்தில் கருவாக்கி, கருப்பையில் வைக்கும் ஐவிஎஃப் சிகிச்சைக்கு ஐந்து பெரிய பில்கள், மொத்தம் 6,95,000 ரூபாய். அரசிடமிருந்து திரும்பக் கிடைத்தது 1,30,000. தனியார் காப்பீட்டிலிருந்து ஒரு ரூபாய்கூட வரவில்லை. 2016-இல் முதல் பாலிசி எடுத்ததிலிருந்து 2023 டிசம்பரில் மகள் பிறந்தது வரையிலான கணக்கு இது. ஐயூஐ (விந்தணுவை நேராகக் கருப்பைக்குள் செலுத்தும் சிகிச்சை), ஸ்கேன், பயணச் செலவெல்லாம் இதில் சேரவில்லை. சரியான வரிசையில் போயிருந்தால் இன்னும் 65,000 கிடைத்திருக்கும். அது ஏன் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கும் அரசு ஊழியர்களில் பலருக்கு இப்படி ஒரு உரிமை இருப்பதே தெரியாது. எனக்கும் 34 வயது வரை தெரியாது.

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். கணவர் தனியார் வேலை. மத்திய அரசு ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டம் சிஜிஹெச்எஸ். எங்கள் ஊரில் அதன் மருந்தகம் இல்லை. அதனால் என்னைப் போன்றவர்களுக்கு 1944-ஆம் ஆண்டின் மத்திய அரசுப் பணி மருத்துவ விதிகள்தான் பொருந்தும். சிஎஸ்எம்ஏ என்று சொல்வார்கள். முதலில் நம் கைக்காசைக் கட்டிவிட்டு, பிறகு பில் வைத்துப் பணம் வாங்க வேண்டும். மாநில அரசு ஊழியர்களுக்குத் திட்டமும் விதியும் வேறு. நான் சொல்வது மத்திய அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு.

முதலில் பாலிசிக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்து, 2016-இல், இருவருக்கும் சேர்த்து ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்தோம். முகவரிடம் நான் கேட்ட கேள்வியே தப்பு. "குழந்தை சம்பந்தமான செலவு கவர் ஆகுமா?" என்று கேட்டேன். "மெட்டர்னிட்டி கவர் இருக்கும்மா, இரண்டு வருஷம் கழிச்சு கிடைக்கும்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. பிரசவச் செலவுக்கு அதில் இடம் இருந்தது. கருத்தரிப்பதற்கான சிகிச்சைக்கு இல்லை. இரண்டும் வேறு வேறு என்பது 2018-இல் ஐவிஎஃப் செய்ய முடிவெடுத்து, பாலிசியைக் கடைசிப் பக்கம் வரை படித்தபோதுதான் புரிந்தது. இரண்டு வருடம் பிரீமியம் கட்டியிருந்தோம்.

இப்போது தேடுகிறவர்களுக்கு இது கொஞ்சம் எளிது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, 2019-இல் விலக்குகளுக்கெல்லாம், அதாவது பாலிசி எதற்கெல்லாம் பணம் தராது என்பதற்கு, பொதுவான வாசகமும் எண்ணும் கொடுத்துவிட்டது. பாலிசி ஆவணத்தில் விலக்கு எண் 17-ஐத் தேடுங்கள். மலட்டுத்தன்மை, கருத்தடை, ஐவிஎஃப், இக்ஸி (விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துவது), வாடகைத்தாய் எல்லாம் அதில்தான் வரும். அதற்கடுத்த எண் 18 மகப்பேறு. ஒரு பாலிசி 18-ஐ எடுத்துவிட்டுப் பிரசவத்துக்குப் பணம் தரலாம், 17-ஐ மட்டும் அப்படியே வைத்திருக்கலாம். விளம்பரத்தில் கர்ப்பிணிப் படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். குழந்தையின்மைச் சிகிச்சைக்கும் பணம் தரும் பாலிசிகள் சந்தையில் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் காத்திருப்புக் காலம் இரண்டு, மூன்று வருடம் என்று போகும். தொகைக்கும் உச்சவரம்பு இருக்கும். 27 வயதில் இருப்பவர் யோசிக்கலாம். 34 வயதில், முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் அளவு இறங்கிக்கொண்டிருக்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகு, மூன்று வருடக் காத்திருப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்காக அமைந்தது. ஐவிஎஃப்பில் படுக்கையில் இருப்பது சில மணி நேரம்தான். பத்துப் பன்னிரண்டு நாள் போடும் ஊசிக்கும், ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கும் ஸ்கேனுக்கும், ஆய்வகத்தில் கரு வளர்ப்பதற்கும்தான் பணம் போகும். அதனால் ஒரு பாலிசி ஐவிஎஃப்புக்குப் பணம் தரும் என்றாலும், வெளிநோயாளியாக வாங்கும் ஊசிக்குத் தருமா என்று தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

2018 டிசம்பரில், அரசுப் பணம் பற்றி எதுவும் தெரியாமலே, தனியார் மருத்துவமனை ஒன்றில் முதல் சுற்று செய்தோம். 1,78,000 ரூபாய் ஆனது. கரு தங்கவில்லை. விடுப்பு முடிந்து அலுவலகம் போன முதல் நாள் என் முகத்தைப் பார்த்தே, பக்கத்துச் செக்‌ஷனில் பில் பார்க்கும் அக்கா புரிந்துகொண்டார். மதியம் சாப்பிடும்போது, "பர்மிஷன் வாங்கிட்டுத்தானே பண்ணினே?" என்று கேட்டார். என்ன பர்மிஷன் என்றேன். டப்பாவை மூடிவிட்டு எழுந்து போய், ஒரு பழைய ஃபைலிலிருந்து ஆணையின் நகலைக் கொண்டுவந்து கொடுத்தார்.

2011 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் போட்ட ஆணை அது. சிஜிஹெச்எஸ், சிஎஸ்எம்ஏ இரண்டுக்கும் பொருந்தும். ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 65,000 ரூபாய், அல்லது உண்மையான செலவு, இரண்டில் எது குறைவோ அது. மருந்து, கண்காணிப்பு எல்லாம் அதற்குள்தான். மொத்தம் மூன்று சுற்று. பெண்ணுக்கு வயது 21-இலிருந்து 39-க்குள். உயிருடன் குழந்தை இல்லாத தம்பதியாக இருக்க வேண்டும். சாதாரணச் சிகிச்சைகள் பலிக்கவில்லை என்பதற்கு ஆதாரம் வேண்டும். அரசு மருத்துவ நிறுவனம் ஒன்றின் மகப்பேறுத் துறைத் தலைவர் பரிந்துரைக்க வேண்டும், அதை வைத்து நம் துறைத் தலைவர் அனுமதி தர வேண்டும். அனுமதிக்குப் பிறகுதான் சிகிச்சை. முடித்துவிட்டு வந்து நின்ற என் 1,78,000-க்கு அங்கே வழியில்லை.

அன்று மாலை பேருந்தில் அந்த நகலை நாலு தடவை படித்தேன். ஏழு வருடமாக இருக்கிற ஆணை. நான் வேலை பார்க்கும் கட்டடத்திலேயே, என் நாற்காலியிலிருந்து முப்பது அடி தூரத்தில் இருந்திருக்கிறது. வேலையில் சேரும்போது வீட்டுக் கடன், எல்டிசி என்ற விடுப்புப் பயணச் சலுகை, வைப்பு நிதி எல்லாம் சொல்லித்தருகிறார்கள். இதையும் ஒரு வரி சொல்லலாம் என்று அன்று நினைத்தேன், இன்றும் அதைத்தான் நினைக்கிறேன்.

அனுமதிக்கான ஃபைல் 2019 பிப்ரவரியில் தொடங்கியது. அரசு மருத்துவக் கல்லூரியின் மகப்பேறு வெளிநோயாளிப் பிரிவில் பரிந்துரைக்காகப் போய் உட்கார்ந்ததை மறக்க முடியாது. நீளமான சிமென்ட் பெஞ்ச். எனக்கு இந்தப் பக்கம் எட்டாம் மாதம், அந்தப் பக்கம் ஒன்பதாம் மாதம். "உங்களுக்கு எத்தனை மாசம்க்கா?" என்று அந்தப் பெண் பிரியமாகத்தான் கேட்டாள். மடியில் இருந்த ஃபைலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "செக்கப்புக்கு வந்தேன்மா" என்றேன். துறைத் தலைவர் அம்மா நல்லவர். உள்ளே கூப்பிட்டதும் கதவைச் சாத்தச் சொன்னார். அறிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "நாலு ஐயூஐ பண்ணியிருக்கேன்னு சொல்றே, இதுல இரண்டுக்குத்தானே பேப்பர் இருக்கு?" என்றார்.

மற்ற இரண்டுக்கும் இருந்தது ஒரு மருந்துச் சீட்டின் மூலையில் தேதியும் கிறுக்கலும் மட்டும். பழைய மருத்துவமனைக்குத் திரும்பப் போய், எந்தத் தேதியில் எந்தச் சிகிச்சை, என்ன மருந்து, முடிவு என்ன என்று லெட்டர்ஹெட்டில் சுருக்கம் எழுதி வாங்க ஆறு வாரம் ஆயிற்று. இப்போது ஐயூஐ நிலையில் இருப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: ஒவ்வொரு முறையும், அது பலிக்கும் என்ற நம்பிக்கை இருந்தாலும், அன்றே சுருக்கத்தை எழுதி வாங்கிவிடுங்கள். பலித்துவிட்டால் அந்தக் காகிதம் அலமாரியில் கிடந்துவிட்டுப் போகட்டும்.

பரிந்துரை கிடைத்த பிறகு அலுவலகத்தில் ஃபைல் ஐந்து மாதம் நகர்ந்தது. ஒரு தடவை, மருத்துவமனையின் பதிவுச் சான்று இணைக்கவில்லை என்று திரும்பி வந்தது. இன்னொரு தடவை, இந்தப் பணத்தை முன்பு வாங்கவில்லை என்ற உறுதிமொழிக் கடிதம் இல்லை என்று வந்தது. இரண்டையும் முதலிலேயே கேட்டிருந்தால் ஒரே நாளில் கொடுத்திருப்பேன். அனுமதி கையில் வந்து, உடல் எடையைக் குறைத்து, தேதி குறித்தபோது 2020 மார்ச். ஊரடங்கு வந்துவிட்டது. இரண்டாம் சுற்று 2021 பிப்ரவரியில்தான் நடந்தது. எனக்கு 36 வயது முடிந்திருந்தது. ஃபைலுக்கு வயது ஏறினாலும் ஒன்றுமில்லை. எனக்கு ஏற ஏற, 39 என்ற அந்த எண் கிட்டே வந்துகொண்டிருந்தது.

அந்தச் சுற்றுக்கு 1,92,000 ஆனது. 65,000 கிடைத்தது. இங்கே பில் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மருந்துக்கடை பில்கள் பெரும்பாலும் வழவழப்பான வெப்பத்தாளில் வருகின்றன. மூன்று மாதத்தில் எழுத்து மங்கி, வெறும் வெள்ளைத்தாள் ஆகிவிடுகிறது. முதல் சுற்றின் பில்களுக்கு அந்தக் கதி நேர்ந்ததைப் பார்த்ததால், இரண்டாவதில் வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே கணவர் ஜெராக்ஸ் எடுத்துவிடுவார். அசலோடு சேர்த்துக் குத்தி, மருத்துவரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுவோம். இந்த மருந்துகள் சிகிச்சைக்குத் தேவைதான் என்று மருத்துவர் தரும் எசென்ஷியாலிட்டி சர்டிபிகேட்டில் ஒவ்வொரு மருந்தின் பெயரும் விலையும் பில்லோடு பொருந்த வேண்டும். ஊசியின் பெயரை மருத்துவர் ஒரு மாதிரியும் கடைக்காரர் வேறு மாதிரியும் எழுதினால், செக்‌ஷனில் அங்கேயே பேனா நிற்கும்.

இரண்டாம் சுற்றில் வைத்த கரு தங்கவில்லை. மிச்சம் ஒன்றை உறைய வைத்திருந்தார்கள். ஆகஸ்டில் அதை வைத்தோம். 55,000 ரூபாய். அந்த பில்லையும் வைத்தேன். முழுதும் தள்ளுபடியாகி வந்தது. காரணம் ஒரே சொல்: ஆணையில் இருப்பது 'ஃப்ரெஷ்' சுற்று. முட்டையைப் புதிதாக எடுத்துச் செய்யும் சுற்றுக்குத்தான் பணம். உறைந்த கருவை எடுத்து வைப்பதை எங்கள் அலுவலகம் அதில் சேர்க்கவில்லை. இதை எல்லோரும் முன்னாலேயே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் இப்போது பல மருத்துவர்கள் கருவை அந்த மாதமே வைப்பதில்லை. எல்லாவற்றையும் உறைய வைத்துவிட்டு, உடம்பு ஆறிய பிறகு வைக்கிறார்கள். மருத்துவம் ஒரு பக்கம் போய்விட்டது, ஆணையின் வாசகம் 2011-இல் நிற்கிறது. மாற்ற வேண்டியது இந்த ஒரு சொல்லைத்தான் என்று, முறையாக, என் பெயரோடு ஒரு மனு எழுதி அனுப்பினேன். தொகையையும் கூட்டிக் கேட்டேன்.

அந்தத் தொகையிலும் எனக்கு வருத்தம் உண்டு. 65,000 என்பது நான் கட்டியதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனாலும் சொல்கிறேன், அது இல்லையென்றால் மூன்றாம் சுற்றுக்குப் போயிருக்கவே மாட்டோம். நகை ஏற்கெனவே போயாயிற்று. அந்தப் பணம் வங்கியில் விழுந்த அன்றுதான் கணவர், "இன்னொரு தடவை பார்க்கலாமா?" என்று கேட்டார்.

மூன்றாம் சுற்று 2022 நவம்பரில். எனக்கு 38. அதற்குள் துணை இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம் அமலுக்கு வந்திருந்தது. 2021-இல் நிறைவேறியது, 2022 ஜனவரி 25 முதல் நடைமுறை. கருத்தரிப்பு மையங்கள் எல்லாம் அதன்கீழ் பதிவு செய்ய வேண்டும். எங்கள் மையம் பதிவு எண் வாங்கும் வரை காத்திருந்து, அந்த எண்ணையும் சேர்த்தே அனுமதிக்குப் போனேன். இந்த முறை ஃபைல் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நான் கொடுத்தது 41 பக்கம், வரிசை எண் போட்டு, முதல் பக்கத்தில் அட்டவணையோடு. அந்தச் சட்டத்தில் பெண்ணுக்கு 50 வயது வரை சிகிச்சைக்கு இடம் உண்டு. பணம் தரும் ஆணையில்தான் 39. இரண்டையும் குழப்பிக்கொண்டு, "இன்னும் வயசு இருக்கே" என்று தள்ளிப்போட்ட ஒரு தோழிக்கு அந்த வாய்ப்பே போய்விட்டது.

செலவு 2,10,000. மூன்று கருவையும் உறைய வைத்தார்கள். 65,000 வந்தது. 2023 மார்ச்சில் ஒரு கருவை வைக்க 60,000, அது முழுக்க எங்கள் கைக்காசு. பதினாலாம் நாள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது நான் டிஸ்பாட்சில் கடித எண் போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த எண்ணை எழுதாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அக்காதான் வந்து பேனாவை வாங்கி வைத்தார்.

இப்போது எங்கள் அலுவலகத்தில் புதிதாகக் கல்யாணமாகி வரும் பெண்களிடம், அவர்களாகக் கேட்டால் மட்டும், அந்த ஆணையின் நகலையும் என் 41 பக்கத்தின் அட்டவணையையும் கொடுக்கிறேன். ஆணைகள் திருத்தப்படும் என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் இருப்பதை செக்‌ஷனில் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்கிறேன். கேட்காதவர்களிடம் நான் பேச்சை எடுப்பதில்லை. எனக்கு அந்தக் கேள்விகள் எப்படி இருந்தன என்று எனக்குத் தெரியும்.

இன்னும் இரண்டு கரு எங்கள் பெயரில் உறைவில் இருக்கிறது. சட்டப்படி பத்து ஆண்டு வரை வைத்திருக்கலாம். மூன்றாவது அனுமதி ஒன்று எனக்கு மிச்சம் இருந்தது. ஆனால் குழந்தை இருப்பவர்களுக்கு ஆணையில் இடமில்லை, எனக்கு 39-உம் தாண்டிவிட்டது. இந்த வருடப் பாதுகாப்புக் கட்டணம் 20,000 என்று போன வாரம் கடிதம் வந்தது. கட்டச் சொல்லிவிட்டேன்.