மொரீஷியஸ் மஸ்கவாடோ சர்க்கரை: மூணு மடங்கு விலை குடுத்து வாங்கலாமா?

லண்டன் ஈஸ்ட் ஹாம்ல நம்ம ஆளுங்க கடைலயும் சரி, பெரிய சூப்பர்மார்க்கெட்லயும் சரி, மொரீஷியஸ் சர்க்கரைன்னு போட்ட பாக்கெட் இருக்கும். எடைக்கு எடை பாத்தா சாதா சீனிய விட கிட்டத்தட்ட மூணு மடங்கு விலை, அதனால நிறைய பேர் எடுத்துப் பாத்துட்டு திருப்பி வச்சிடுறாங்க. நான் ரொம்ப நாளா வாங்குறேன், என்னைக் கேட்டா அந்த விலை நியாயம்தான்.

முதல்ல ருசி. மஸ்கவாடோன்னா மொலாசஸ், அதாவது கரும்போட கருப்புப் பாகு, நீக்காத பழுப்புச் சர்க்கரை. டார்க் மஸ்கவாடோவ பிரிச்ச உடனே ஊர்ல கரும்பு ஆலை பக்கமா பஸ்ல போறப்ப அடிக்குமே, அந்த மொலாசஸ் வாசம். கையில எடுத்து அழுத்தினா உருண்டையா நிக்கும், அவ்ளோ ஈரம். ஆனா சர்க்கரைப் பொங்கலுக்கு இதப் போடாதீங்க, லேசா கசக்கும், நெய் வாசத்தையே அமுக்கிடும். பொங்கலுக்கு லைட் மஸ்கவாடோதான் செட் ஆகுது. பாயசத்துக்குன்னா வெல்லத்துக்கு பண்றதேதான், அடுப்ப அணைச்சு பால் கொஞ்சம் ஆறுனதும் போடணும், கொதிக்கிற பால்ல கொட்டினா திரிஞ்சிடும். டெமராரான்னு இன்னொரு பழுப்புச் சர்க்கரை, அது காபிக்கு நல்லாருக்கும், கல்லு கல்லா இருக்கும், கரைய கொஞ்சம் நேரம் எடுக்கும்.

இப்ப விலைக்கு வரேன். மொரீஷியஸ் இந்த மாதிரி ஸ்பெஷல் சர்க்கரைல இவ்ளோ மும்முரமா இறங்குனதுக்குப் பின்னாடி ஒரு பெரிய பேச்சுவார்த்தைக் கதை இருக்கு. 1951ல போட்ட காமன்வெல்த் சர்க்கரை ஒப்பந்தப்படி பிரிட்டனுக்கு கரும்புச் சர்க்கரை அனுப்பிட்டு இருந்த நாடுங்க, 1973ல பிரிட்டன் ஐரோப்பிய பொருளாதார சமூகத்துல (இன்னைய ஐரோப்பிய ஒன்றியத்தோட முன்னோடி) சேந்ததும் இனி நம்ம கதி என்னன்னு கேட்டு உக்காந்தாங்க. அந்த நேரம் பாத்து 1974 நவம்பர்ல உலக சந்தை விலை ஒரு பவுண்டு எடைக்கு 60 அமெரிக்க சென்ட்டத் தாண்டிடுச்சு, பிரிட்டன் கடைகள்ல சர்க்கரைக்குத் தட்டுப்பாடு, ஐரோப்பாவுக்கு சரக்கு உறுதியா வேணும், இவங்களுக்கு விலை உறுதியா வேணும். 1975 பிப்ரவரி 28ல டோகோ தலைநகர் லோமேல 46 ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகள் ஐரோப்பிய சமூகத்தோட ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டப்போ சர்க்கரைக்குன்னே தனி உடன்படிக்கை ஒன்னு சேந்து வந்துச்சு: வருஷத்துக்கு சுமார் 13 லட்சம் டன், உத்தரவாத விலைக்கு, காலவரையறை இல்லாம வாங்கிக்கிறோம்னு. இந்தியாவுக்கு கூட தனியா ஒரு சின்ன கோட்டா இருந்துச்சு.

மொரீஷியஸ் தரப்புல விவசாய அமைச்சர் சத்காம் பூலெல் பண்ணது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். அன்னைக்கு வெளி சந்தைல வித்தா கொள்ளை லாபம், ஆனா அவங்க நீண்ட கால கோட்டாவத்தான் கேட்டு வாங்குனாங்க, 4,90,000 டன்னுக்குப் பக்கம், எல்லாரையும் விட பெரிய பங்கு. ரெண்டே வருஷத்துல சந்தை விலை 10 சென்ட்டுக்குக் கீழ போயிடுச்சு, இவங்களுக்கு மட்டும் நல்ல விலை வந்துட்டே இருந்துச்சு, துணி ஆலைகளும் ஹோட்டல்களும் வளந்ததுல அந்தப் பணத்துக்கு பெரிய பங்கு உண்டு.

அப்புறம் 2002ல ஆஸ்திரேலியாவும் பிரேசிலும், அடுத்த வருஷம் தாய்லாந்தும், ஐரோப்பாவோட சர்க்கரை ஏற்றுமதி மானியத்த எதிர்த்து உலக வர்த்தக அமைப்புல கேஸ் போட்டாங்க, 2005ல ஐரோப்பா தோத்துச்சு. பெரிய நாடுங்க சண்டைல சின்ன நாடுங்க தலைல இடி. இவங்களுக்குக் குடுத்துட்டு இருந்த உத்தரவாத விலைய ஐரோப்பாக்காரங்க 36 சதவீதம் குறைச்சாங்க, 2007 செப்டம்பர்ல உடன்படிக்கையே வேணாம்னு நோட்டீஸ் குடுத்து 2009 செப்டம்பரோட முடிச்சுட்டாங்க. காலவரையறை இல்லாமன்னு எழுதிக் குடுத்தவங்களே தன்னிச்சையா வெளிய போனத என்னால இன்னும் ஏத்துக்க முடியல. செயின்ட் கிட்ஸ் தீவுல 2005லயே மூணு நூற்றாண்டுக்கு மேல நடந்த சர்க்கரைத் தொழில இழுத்து மூடிட்டாங்க.

மொரீஷியஸ் மூடல. ஆலைகள ஒன்னா சேத்து இப்ப மூணே மூணு ஓடுது, சக்கைல கரண்ட் எடுக்குறாங்க, கச்சா சர்க்கரைய மொத்தமா கப்பல்ல ஏத்துற காலம் போய் வெள்ளையாவும் ஸ்பெஷலாவும் விக்கிறாங்க. அந்தக் கரும்புக்காட்டுக்கு 1834ல இருந்து ஒப்பந்தக் கூலியா போனவங்கள்ல தமிழங்களும் நிறைய, அந்த நாட்டு ரூபா நோட்டுல இன்னைக்கும் தமிழ் எழுத்து இருக்கு. பிரிட்டனோ 2021ல வருஷத்துக்கு 2,60,000 டன் கச்சா கரும்புச் சர்க்கரைய எந்த நாட்டுல இருந்து வேணா வரியில்லாம எடுக்கலாம்னு கதவத் திறந்துடுச்சு. பிரேசில் அளவுக்கு மலிவா ஒரு சின்னத் தீவால குடுக்க முடியுமா? தரத்தக் காட்டி விலை வாங்குறதுதான் அவங்களுக்கு மிச்சம் இருக்க வழி, அதான் அந்த மூணு மடங்கு எனக்கு உறுத்தல.

வாங்குறப்ப பாக்கெட் பின்னாடி திருப்பிப் பாருங்க. சர்க்கரை, மொலாசஸ்னு ரெண்டு பொருள் போட்டிருந்தா அது பெரும்பாலும் வெள்ளைச் சீனில மொலாசஸ் கலந்த பிரவுன் சுகர், அதுக்கு இந்த விலை குடுக்காதீங்க. சுத்திகரிக்காத கரும்புச் சர்க்கரைன்னு இருக்கணும், நாடு மொரீஷியஸ்னு இருக்கணும். பிரிச்சு வச்சா காத்துபட்டு பாறையாயிடும், இது ஒன்னுதான் உண்மையான தொல்லை, இறுக்கமான டப்பால போட்டு ஒரு பிரெட் துண்டு வச்சா மறுநாள் இளகிடும். லைட்டுக்கு அஞ்சு ஸ்டார், டெமராராவுக்கு நாலு, டார்க்குக்கு மூணரை, ஆனா புளி இஞ்சி செய்ற வீடா இருந்தா டார்க்கத்தான் முதல்ல வாங்குங்க.