கம்புட் மண்ணில் செம்பனையா, அன்னாசியா?

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் கம்புட் நிலம், அதாவது மக்காத மரக்கழிவு சேர்ந்த சதுப்பு மண், வைத்திருப்பவர்கள் பழைய மரத்தை வெட்டும்போது கேட்கும் கேள்வி இது. நான் அன்னாசி நட்டவன். என் பேச்சு அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

எண்ணெய் எடுக்கும் செம்பனையின் நல்லது ஊருக்கே தெரியும். மூன்று ஆண்டுக்குள் குலை, அப்புறம் 25 ஆண்டு வரை மாதாமாதம் காசு. புளிப்பு மண்ணை இரண்டும் தாங்கும். செம்புச் சத்து போடாவிட்டால் இரண்டுமே நோஞ்சானாகும்.

என் மனத்தை மாற்றியது மண் இறக்கம். கம்புட் என்பது சதுப்பு நீருக்குள் மக்காமல் கிடந்த கட்டையும் வேரும்தான். பாரிட் (வடிகால்) வெட்டி நீரை வடித்தால் காற்றுப் பட்டு மக்கி, கரியமில வாயுவாகப் போய்விடும். முதல் சில ஆண்டு மளமளவென்று இறங்கும். பிறகும் ஆண்டுக்கு 2 முதல் 5 செ.மீ. குறையும். 3 என்றே வைத்தாலும் 25 ஆண்டில் முக்கால் மீட்டர். வேர் வெளியே வந்து மரம் சாயும். கொண்டை மட்டும் மேலே வளைந்து நிற்கும். அந்த வரிசைக்குள் தள்ளுவண்டி போகாது. எக்ஸ்கவேட்டரால் மண்ணை அழுத்தி, குழிக்குள் குழி வெட்டி நட்டால் சாய்வு குறையும், அவ்வளவுதான்.

அன்னாசி போட்டாலும் மண் இறங்கத்தான் செய்யும். ஆனால் 14 முதல் 18 மாதத்தில் பழம் வந்துவிடும். அடுத்த நடவு அன்றைய மண் மட்டத்தில். சாய மரமே இல்லை.

பாரிட் தண்ணீரைக் காவல் காப்பது இரண்டிலும் உண்டு. செம்பனைக்கு நீர்மட்டம் தரைக்குக் கீழே 40 முதல் 60 செ.மீ.யில் இருக்கச் சொல்வார்கள். துளையிட்ட பிவிசி குழாயை மண்ணில் இறக்கி, குச்சி விட்டு ஈரத்தைப் பார்ப்போம்; வறட்சியில் மணல் மூட்டை அடுக்கி மறிப்போம். மிகவும் காய்ந்துவிட்டால் மேல்மண் கோப்பித் தூளாக உதிரும்; மழை பெய்தாலும் சுலபத்தில் நனையாது. நெருப்புப் பட்டால் அடியிலேயே புகையும். அதனால் அன்னாசித் தழையைக் கொளுத்தவே கூடாது, சட்டமும் விடாது. அதை வெட்டிப் பரப்பும் கூலிதான் கடிக்கிறது. பூக்க மருந்து ஊற்றினால் பழம் ஒரே சமயத்தில் பழுத்து, பறிக்க ஆள் தேடி அலைய வேண்டும். நான் முதல் அறுவடைதான் பார்த்திருக்கிறேன். மறுதாம்பு, அதாவது அறுத்த செடியே மறுபடி துளிர்த்துத் தரும் விளைச்சலைப் பற்றி இப்போதைக்குப் பேசமாட்டேன்.

என் நிலத்தில் நீள மூங்கிலை இறக்கியும் கம்புட்டுக்கு அடியில் களிமண் தட்டவில்லை. உங்களுக்கு அரை மீட்டரிலேயே தட்டினால் செம்பனையே போடுங்கள். வேர் பிடித்துக்கொள்ளும், கூலியும் மிச்சம். அந்தக் களிமண்ணில் கந்தகம் இருக்கிறதா என்று மட்டும் முதலில் சோதித்துவிடுங்கள். நீரை வடித்தால் அது அமிலமாகி வேரையே கெடுக்கும்.