கிராமத்து வீட்டுக்கு எந்த நெட்? லோக்கல் ஃபைபர், ஏர்ஃபைபர், அரசு ஃபைபர், சாட்டிலைட்

வந்தவாசி பக்கம் ஒரு கிராமத்துல உக்காந்துதான் வேலை பாக்குறேன், 3 வருஷத்துல 3 கனெக்ஷன் மாத்தியாச்சு. கூடுவாஞ்சேரி தாண்டி புது லேஅவுட்ல வீடு கட்டின ஃப்ரெண்டுக்கும் இதே பாடுதான், மெயின் ரோட்ல ஃபைபர் ஓடுது, உள்ள 600 மீட்டர் இழுக்க 20 வீடாவது சேரட்டும்னு சொல்லி ஒரு வருஷமா இழுத்தடிக்கிறாங்க. எங்கள மாதிரி இடத்துல இருக்கிறவங்க ஸ்பீடு எத்தனை எம்பிபிஎஸ்னு மட்டும் பாத்து எடுக்காதீங்க, லைன் போனா யாரு வருவா, எப்ப வருவா, அதை முதல்ல விசாரிங்க.

இது பட்டு தெரிஞ்சது. அக்கா பொண்ணுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங், சாய்ஸ் ஃபில்லிங் நேரம் பாத்து குடிதண்ணி பைப்புக்கு தோண்டின ஜேசிபி கேபிளை அறுத்துருச்சு, ரவுட்டர்ல லாஸ் லைட், அதாவது ஃபைபர்ல சிக்னல் வரலைனு காட்டுற லைட், சிவப்பா எரியுது. அப்ப வெச்சிருந்தது ஒரு பெரிய கம்பெனி கனெக்ஷன், புகார் நம்பர் கொடுத்தாங்க, ஆள் வந்தது 4 நாள் கழிச்சு. மொட்டை மாடி தண்ணி டேங்க் பக்கத்துல மட்டும்தான் போன்ல சிக்னல் எடுக்கும், அங்க வெயில்ல நின்னுதான் புள்ள காலேஜ் கோடு ஒவ்வொண்ணா போட்டா.

அதுக்கப்புறம் ஊர் கேபிள்காரர்கிட்டயே ஃபைபர் எடுத்தேன். ஐப்பசி மழைல புளியமரக் கிளை முறிஞ்சு லைன் அறுந்துச்சு, ராத்திரி 9 மணிக்கு போன் பண்ணேன், 10 மணிக்கு டார்ச்சோட வந்துட்டார். தலைமுடி மாதிரி இழை, அதோட பூச்சை உரிச்சு, ஸ்பிரிட்ல தொடைச்சு, நேரா வெட்டி, இழையை ஒட்டுற ஸ்ப்ளைசிங் மிஷின்ல வெச்சு மூடினார், ஒட்டுன இடத்துல சிக்னல் இழப்பு வெறும் 0.02 டிபினு ஸ்கிரீன்ல வந்ததும்தான் நிமிர்ந்தார். பிஎஸ்என்எல் ஃபைபர்லயும் கிராமத்துல வீடு வரைக்கும் லைன் இழுத்து பாத்துக்கிறது பெரும்பாலும் லோக்கல் பார்ட்னர்தான், அதனால அந்த ஆள் எப்படினு பக்கத்து வீட்ல கேட்டுட்டு எடுங்க. கனெக்ஷன் கொடுக்கும்போதே பவர் மீட்டர் வெச்சு வீட்டுக்கு வர்ற ஒளி சிக்னலை அளக்க சொல்லுங்க, மைனஸ் 20 டிபிஎம் பக்கம் இருந்தா நல்லது, மைனஸ் 27 கிட்ட போனா மழைக்காலத்துல தொல்லைதான்.

ஃபைபர்ல இன்னொரு வசதி கரண்ட். ஆபரேட்டர் ரூம்ல இருந்து நம்ம வீடு வரைக்கும் நடுவுல கரண்ட்ல ஓடுற பொருள் எதுவும் பொதுவா இருக்காது, அவர் ரூம்ல பேட்டரி, நம்ம வீட்ல ரவுட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ், இது இருந்தா கரண்ட் போனாலும் மீட்டிங் ஓடும்.

ஏர்ஃபைபர் வந்து 5ஜி டவர்ல இருந்து மாடில வைக்கிற ஆன்டெனாவுக்கு காத்துல வர்றது, ஏர்டெல் 2023 ஆகஸ்ட்லயும் ஜியோ செப்டம்பர்லயும் ஆரம்பிச்சாங்க. கம்பம் வேணாம், தோண்ட வேணாம், டவர் கிட்ட இருந்தா ரெண்டே நாள்ல மாட்டிடுவாங்க, ஃப்ரெண்ட் லேஅவுட் மாதிரி இடத்துக்கு இதான் கை கொடுக்குது. ஆனா அந்த டவர்ல ஊர் மொத்தத்தோட போனும் தொங்குது, சாயங்காலம் 7 மணிக்கு மேல ஸ்பீடு குறையும், நடுவுல தென்னந்தோப்பு இருந்தா இன்னும் மோசம். ஜியோல மாசம் 1000 ஜிபிதான், ஃபைபர்ல 3300 ஜிபி வரைக்கும் வருது. டவர்ல பேட்டரி தீந்தா உங்க வீட்ல யூபிஎஸ் இருந்தும் பிரயோஜனம் இல்ல.

அரசு ஃபைபர் பத்தி பேசுனா எனக்கு ஆதங்கம்தான் வருது. பஞ்சாயத்துக்கெல்லாம் ஃபைபர்னு மத்திய அரசு 2011ல ஒப்புதல் கொடுத்தது, அதுதான் பின்னாடி பாரத்நெட் ஆச்சு. தமிழ்நாட்டுல 12,525 ஊராட்சிக்கு டான்ஃபிநெட்ங்கிற மாநில அரசு நிறுவனம் மூலமா கொண்டு வர்றதா திட்டம், 2020ல டெண்டர் ரத்தாகி திரும்ப விட்டு, வேலை தொடங்கினது 2022 டிசம்பர்ல. நடுவுல கொரோனா ஆன்லைன் கிளாஸ் 2 வருஷம் ஓடிப்போச்சு, பசங்க மரத்தடிலயும் மாடிலயும் சிக்னல் தேடின வருஷம் அது. இப்பவும் பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் கேபிள் வந்தா அதோட ஊருக்கு நெட் வந்ததா ஆகாது, அங்க இருந்து தெருவுக்கு யாராவது இழுக்கணும். லோக்கல் கேபிள்காரங்களுக்கு கம்மி வாடகைல அந்த ஃபைபரை விட்டா நாளைக்கே வேலை நடக்கும்னு உறுதியா நம்புறேன்.

சாட்டிலைட்டுக்கு எலான் மஸ்க்கோட ஸ்டார்லிங்க் 2025 ஜூன்ல லைசென்ஸ் வாங்கியாச்சு, அதோட சாட்டிலைட் சுமார் 500 கிலோமீட்டர் உயரத்துலயே சுத்துறதால பழைய சாட்டிலைட் மாதிரி பேச்சு லேட்டா வராது. ஜவ்வாது மலை மாதிரி கம்பமும் டவரும் ஏறாத இடத்துக்கு சரி, நம்ம சமவெளிக்கு தேவையில்ல.

என் வரிசை: நல்ல ஆள் இருந்தா லோக்கல் ஃபைபர், அவசரத்துக்கு வேற கம்பெனி சிம் ஒண்ணு. ஃபைபர் வராத இடத்துல ஏர்ஃபைபர், ஆனா ஒரு வருஷ பிளான் கட்டாதீங்க, நம்ம தெருவுக்கு எப்ப ஃபைபர் வரும்னு சொல்ல முடியாது. ஃப்ரெண்ட் அப்படித்தான் மாசா மாசம் கட்டிக்கிட்டு, சாயங்காலம் சாயங்காலம் வீடு வீடா போய் ஃபைபருக்கு கையெழுத்து வாங்குறான். 14 வீடு ஆயிருச்சு, இன்னும் 6 வீடு.