ஐஸ் கணக்கில் ட்ரிகர்: ஆறு வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

காசிமேட்டில் லாஞ்சு என்கிற விசைப்படகுகளுக்குக் கடனில் ஐஸ் பார் கொடுக்கும் ஒரு கடையின் கணக்கு சாஃப்ட்வேரை ஆறு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். முதல் வருடம் எதற்கெடுத்தாலும் ட்ரிகர் போட்டேன். இன்று மிஞ்சியிருப்பவை மூன்றே மூன்று. அந்த மூன்றையும் யார் சொன்னாலும் எடுக்க மாட்டேன்.

டேபிளில் ஒரு வரி சேர்ந்தாலோ, மாறினாலோ, அழிந்தாலோ, யாரும் கூப்பிடாமல் டேட்டாபேஸே ஓட்டுகிற நிரல்தான் ட்ரிகர். பில் கவுன்டரில் அடித்தாலும் சரி, நான் நேரடியாக உள்ளே போய்த் திருத்தினாலும் சரி, அது ஓடும். அதன் பலமும் ஆபத்தும் அதுவே.

பில் விழுந்ததும் படகு உரிமையாளரின் பாக்கியைக் கூட்டிவிடும் ட்ரிகர் ஒன்று வைத்திருந்தேன். ஒரு வருடம் ஒழுங்காக ஓடியது. பிறகு மொபைல் ஆப் எழுத வந்த தம்பிக்கு அப்படியொன்று இருப்பது தெரியாது; நானும் சொல்லவில்லை. அவர் ஆப்பிலும் பாக்கியைக் கூட்டினார். விடியற்காலையில் கணக்குப்பிள்ளையிடமிருந்து போன்: “தம்பி, ஒரு தபாதான் எழுதினேன். பாக்கி ரெண்டு தபா ஏறியிருக்கே?” பில் எழுதும் நிரலை எவ்வளவு படித்தாலும் காரணம் கிடைக்காது, அது வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. அந்த ட்ரிகருக்கு இன்னொரு கெடுதலும் இருந்தது. ஒரே ஆளின் நாலு படகு ஒரே நேரத்தில் ஐஸ் ஏற்றும்போது, நாலு பில்லும் அவருடைய ஒரே பாக்கி வரியைத் தொடும். முதல் பில் முடியும்வரை மற்ற கவுன்டர்கள் காத்து நிற்கும். தூக்கிவிட்டேன். இப்போது பாக்கி என்பது தனியாகச் சேமிக்காமல், கேட்கும்போது பில்களையும் வரவுகளையும் கூட்டிக் கழித்துக் காட்டுகிற ஒரு வியூ மட்டுமே.

மிஞ்சியதில் எனக்கு ரொம்பப் பிடித்தது திருத்தப் பதிவு. பில்லை யாராவது மாற்றினாலோ அழித்தாலோ பழைய வரி, நேரம், ஆள் மூன்றும் தனி டேபிளில் விழும். விலைத் தகராறு வந்தால் அதைத் திறந்து காட்டினால் போதும், குரல் தணிந்துவிடும்.

அதிலும் ஒரு தடவை அடிபட்டேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். லாஞ்சுகள் கரையில் நிற்கும். பெரிய மாற்றங்களை நான் அப்போதுதான் செய்வேன். ஒரு வருடம் பில் டேபிளில் புதிதாக ஒரு நெடுவரிசை சேர்த்தேன். பதிவு டேபிளில் சேர்க்க மறந்தேன். தடை முடிந்து படகுகள் கிளம்பிய இரவு, பில் விழுகிறது, எந்தப் பில்லையும் திருத்த மட்டும் முடியவில்லை. ட்ரிகர், முழுதாக நடந்தால் உண்டு, இல்லையென்றால் எதுவுமே இல்லை என்கிற அதே டிரான்சாக்‌ஷனுக்குள் ஓடுவதால், அது விழுந்தால் திருத்தமும் சேர்ந்து விழும். அதற்குப் பிறகு பழைய வரி முழுவதையும், பெயரும் மதிப்புமாக எழுதும் ஜேசன் வடிவில், ஒரே நெடுவரிசையில் போடுகிறேன். டேபிள் எப்படி மாறினாலும் அது உடையாது.

மற்ற இரண்டில் ஒன்று, கணக்கு மூடிய தேதிக்குப் பில் எழுதவிடாது. இன்னொன்று, கடைசியாக மாறிய நேரத்தைக் குறிக்கும்.

புதிதாக எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஒரே நிகழ்வுக்கு ஒரே வகையில் பல ட்ரிகர் இருந்தால் போஸ்ட்கிரெஸ் பெயரின் அகரவரிசைப்படி ஓட்டும். நான் பெயரிலேயே வரிசை எண் சேர்த்துவிடுகிறேன். மாற்றம் நடந்த பிறகு ஓடும் ‘ஆஃப்டர்’ ட்ரிகரில் ‘நல்’ (NULL, வெற்று மதிப்பு) திருப்பினால் ஒன்றும் ஆகாது. அதே நிரலை, மாற்றத்துக்கு முன்பே ஓடும் ‘பிஃபோர்’ ட்ரிகருக்கு நகலெடுத்தால் வரி சத்தமில்லாமல் காணாமல் போகும், பிழைச்செய்தி கூட வராது. ஒரு நாள் விலையை மொத்தமாக மாற்றும்போது வரிக்கு ஒரு தடவை ஓடுவது வீண். 2017இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து, மாறிய வரிகள் எல்லாவற்றையும் ஒரு டேபிள் போலப் பார்த்து ஒரே தடவையில் முடிக்கலாம். டேபிளை ஒரேயடியாகக் காலி செய்யும் ட்ரங்கேட் போட்டால், வரி அழிவதற்கான டெலீட் ட்ரிகர் ஓடாது. ராயபுரத்தில் நண்பர் ஒருவர் வைத்திருந்த மைஎஸ்க்யூஎல் 8.0 டேட்டாபேஸில், ஒரு டேபிளை இன்னொன்றோடு இணைக்கும் ஃபாரின் கீ வழியாகத் தொடர்ந்து அழிந்த வரிகளுக்கும் ட்ரிகர் ஓடவில்லை. அவருடைய பதிவில் அந்த அழிப்புகள் எதுவுமே இல்லை.

இப்போது ஒவ்வொரு ட்ரிகரின் பெயரும் வேலையும் ஒரு தாளில் அச்சாகி, பில் கவுன்டருக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. ஆப் தம்பி வேலையைத் தொடங்கும் முன் அதைத்தான் முதலில் படிக்கிறார்.