32ஏ போதுமா, 30பி தேட வேண்டுமா? சின்ன உடம்புக்கு ஏற்ற பிரா

மார்புக்குக் கீழே சுற்றளவு 28 இன்ச், மார்பின் மேல் 31 இன்ச். ஒல்லியாக, தோள் குறுகலாக இருக்கும் பெண்கள் பலருக்கு ஏறக்குறைய இந்த அளவுதான் வரும். எனக்கும் இதுதான். இந்த அளவைச் சொல்லிக் கடையில் கேட்டால் 32ஏ எடுத்துப் போடுவார்கள். கொஞ்சம் அலைந்தால் 30பி கிடைக்கும். இன்ச் டேப்பை மட்டும் நம்புகிறவர்கள் 28சி என்பார்கள். கொக்கியே வேண்டாம் என்று தலைவழியாகப் போடுகிற ஸ்லிப்-ஆன் பக்கம் போய்விட்டவர்களும் உண்டு. நான் 32ஏ போட்டுப் பழகி, பிறகு 30பிக்கு மாறி, இப்போது அதைத்தான் வாங்குகிறேன். அதனால் இதை நடுநிலைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எழுத்துக் குழப்பத்தை முதலில் முடித்துவிடலாம். ஏ என்றால் சின்னது, சி என்றால் பெரியது என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். அந்த எழுத்தைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் ஒரு இன்ச் வித்தியாசம் என்றால் ஏ, இரண்டு என்றால் பி, மூன்று என்றால் சி. எழுத்துக்கு முன்னால் வரும் 32, 30 என்பதுதான் பட்டை எண். அதில் இரண்டு குறையும்போது எழுத்து ஒரு படி ஏறும். கப் கொள்ளும் அளவு ஏறத்தாழ அப்படியே இருக்கும். அதாவது 32ஏ, 30பி, 28சி மூன்றுக்கும் கப் கிட்டத்தட்ட ஒன்றே. மாறுவது முதுகைச் சுற்றி வரும் பட்டையின் நீளம். சில லேபிளில் சென்டிமீட்டரில் போட்டிருப்பார்கள்: 60 என்றால் 28, 65 என்றால் 30, 70 என்றால் 32.

சரி, 28 இன்ச் உடம்புக்கு ஏன் 32ஐ நீட்டுகிறார்கள்? கீழ் அளவோடு நான்கு இன்ச் கூட்டிப் பட்டை எண் சொல்லும் பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது. இன்றைக்கும் பல அட்டவணைகளில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. 28க்கு நான்கு கூட்டினால் 32. மேல் அளவோ 31. அந்தக் கணக்குப்படி பார்த்தால் மார்பளவு பட்டையைவிடக் குறைவு, கப்பே தேவையில்லை! அடுத்து கடையில் என்ன நடக்கும் என்று ஊகிக்கலாம். "உனக்கு பேடு வெச்சது எடுத்துக்கம்மா, அதான் எடுப்பா இருக்கும்" என்று தடிமனான கப் வைத்த 32ஏ ஒன்று கைக்கு வரும். மூன்று இன்ச் வித்தியாசம் உள்ள ஒரு பெண், தனக்கு ஒன்றுமே இல்லை என்ற நினைப்போடு வீடு திரும்புவாள். கூட்டாமல் அப்படியே 28ஐ வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் அவள் அளவு சி.

32ஏவுக்கு உள்ள நல்லதையும் சொல்லிவிடுகிறேன். எந்த ஊரிலும் கிடைக்கும். கலர், டிசைன், விலை எல்லாவற்றிலும் தேர்வு அதிகம், தள்ளுபடியிலும் இதுதான் குவிந்து கிடக்கும். போட்ட முதல் நாள் இறுக்கமே தெரியாது. வீட்டில் இருக்கும்போதும், வயிறு உப்பிக்கொள்ளும் மாதவிடாய் நாட்களிலும் அது சுகமாகத்தான் இருக்கிறது. என்னிடம் இன்னும் அதற்கென்று ஒன்று இருக்கிறது.

ஆனால் பிராவில் தாங்கும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது பட்டை. ஸ்ட்ராப்புக்கு அதில் பங்கு குறைவு. பட்டை தளர்ந்தால் பாரம் தோளுக்கு ஏறும். ஸ்ட்ராப்பை இழுத்து இழுத்துச் சின்னதாக்குவோம், அது பின்பட்டையை மேலே தூக்கும், முன்பக்கம் கீழே இறங்கும். கண்ணாடிக்கு முதுகைக் காட்டிப் பாருங்கள். பட்டை தரைக்குச் சமமாக நேர்கோட்டில் இருக்க வேண்டும். முதுகில் வில் மாதிரி வளைந்து ஏறியிருந்தால் பட்டை பெரிது.

30பியை நான் உயர்த்திப் பேசுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கொக்கி வரிசை. பின்னால் பெரும்பாலும் மூன்று வரிசை இருக்கும். அவை நம் வசதிக்கு ஏற்ப எதில் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ள வைத்தவை என்று பலரும் நினைக்கிறார்கள். அவை எலாஸ்டிக் தளரும்போது ஒவ்வொன்றாக உள்ளே போவதற்கு. புதுப் பிரா நுனி வரிசையில், அதாவது மிகத் தளர்வான கொக்கியில், கச்சிதமாக நிற்க வேண்டும். சில மாதம் கழித்து நடு வரிசை, அப்புறம் உள் வரிசை. அதற்கும் தளர்ந்தால் விடை கொடுக்கலாம்.

இதை 28 இன்ச் உடம்பில் வைத்துப் பாருங்கள். ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய அரை இன்ச் இடைவெளி. நுனியிலிருந்து உள் வரிசைக்குப் போனால் மொத்தமாகக் குறைவது ஒரு இன்ச். 32ஐ உள் வரிசையில் மாட்டினால் 31. நுனி வரிசையில் மாட்டிய புது 30ஐவிட அப்போதும் அது ஒரு இன்ச் பெரிது. ஆக, 32 வாங்குகிறவர் முதல் நாளே உள் வரிசைக்குப் போயிருப்பார். அதன் பிறகு எலாஸ்டிக் கொஞ்சம் இளகினாலும் போக இடமில்லை. 30 வாங்கியவருக்கு இன்னும் இரண்டு வரிசை கையில் இருக்கிறது. இரண்டும் ஒரே விலை என்றே வைத்துக்கொள்வோம். எது அதிக நாள் உழைக்கும் என்பதற்கு வேறு கணக்கு வேண்டாம். 30 கொஞ்சம் விலை கூடுதலாக இருந்தாலும் எனக்கு இதனால்தான் கட்டுப்படியாகிறது.

புது 30 முதல் வாரத்தில் இறுக்குகிறது என்பவர்களுக்கு எக்ஸ்டெண்டர் இருக்கிறது. கொக்கியோடு கொக்கியாக மாட்டிக்கொள்ளும் சின்னத் துணிப்பட்டை. ஃபேன்சி ஸ்டோரில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். பட்டை கொஞ்சம் இளகியதும் கழற்றி வைத்துவிடலாம். பெரிதாக இருப்பதைச் சிறிதாக்க இவ்வளவு எளிதான வழி எதுவும் இல்லை. தையற்காரரிடம் கொடுத்துப் பின்பட்டையைப் பிடித்துத் தைத்துப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அரை இன்ச் பிடித்தால் பரவாயில்லை. இரண்டு இன்ச் பிடித்தால் கப் இரண்டும் அக்குள் பக்கம் இழுபட்டுப் போகும், பக்கத்துத் தையல் முதுகுக்கு வந்துவிடும்.

எலாஸ்டிக் என்று சொன்னேன். அதன் ஆயுளைத் தீர்மானிப்பது பாதி அளவு என்றால் மீதி நம் துவைக்கும் முறை. துவைகல்லில் போட்டு பிரஷ்ஷால் தேய்ப்பது, முறுக்கிப் பிழிவது, வெள்ளைப் பிராவுக்கு பிளீச்சிங் போடுவது, மூன்றும் எலாஸ்டிக்குக்கு எமன். பட்டைக்குள் ஓடும் எலாஸ்டேன் இழைக்குச் சூடும் குளோரினும் ஆகாது. வியர்வையும் அதை மெல்ல மெல்லக் கெடுக்கும் என்பதால், அழுக்கில்லையே என்று நாள் கணக்கில் துவைக்காமல் போடுவதும் லாபமில்லை. சோப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, அலசி, துண்டுக்குள் வைத்து அழுத்தினால் போதும். மெஷினில்தான் என்றால் கொக்கியை மாட்டி, வலைப் பைக்குள் போடுங்கள். கொக்கி திறந்து கிடந்தால் துப்பட்டா முதல் பலி.

அப்புறம் காயப்போடுவது. நம் வீடுகளில் பிராவைக் கொடியில் வெளிப்படையாகப் போட மாட்டோம். பாவாடைக்கு அடியிலோ துண்டுக்கு அடியிலோ ஒளித்து வைப்போம். அது அரை ஈரத்தோடு கிடந்து நாற்றம் பிடிக்கும். மழைக்காலத்தில் கரும்புள்ளி விழும். மொட்டை மாடி வெயிலில் நாள் முழுக்கக் கிடந்தாலும் எலாஸ்டிக் விறைத்துப் போகும். காற்று வரும் நிழலில், இரண்டு கப்புக்கும் நடுவில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவதுதான் எனக்குச் சரியாக வருகிறது. ஸ்ட்ராப்பில் தொங்கவிட்டால் ஈரத்தின் எடைக்கே அது நீண்டுவிடும். ஒன்றையே தினம் போடாமல் மூன்றை மாற்றி மாற்றிப் போடுவதும் உதவுகிறது. ஒரு நாள் ஓய்வு கிடைத்தால் எலாஸ்டிக் பழைய நிலைக்குச் சுருங்கிக்கொள்ளும்.

குறுகிய தோள்காரர்களுக்கு 30இல் இன்னொரு லாபம். பட்டை எண் ஏற ஏற இரண்டு ஸ்ட்ராப்புக்கும் இடையிலான தூரமும் கூடும். 32இல் ஸ்ட்ராப் என் தோள் நுனிக்கே வந்து, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கை தூக்கினால் சரிந்துவிடும். 30இல் அந்தத் தொல்லை கணிசமாகக் குறைந்தது. முற்றிலும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அதற்கும் சரிகிறவர்கள் முதுகில் ஸ்ட்ராப் இரண்டும் நெருங்கி வரும் யு வடிவப் பின்பக்கம் உள்ளதைப் பாருங்கள்.

கப்பைப் பொறுத்தவரை சுருக்கமாகவே சொல்கிறேன். அச்சில் வார்த்த பேடட் கப்புக்குத் தனக்கென்று ஒரு வடிவம் உண்டு. நம் வடிவம் அதோடு பொருந்தாவிட்டால், குறிப்பாக மேல்பக்கம் நிறைவில்லாதவர்களுக்கு, மேல் விளிம்பு வாயைப் பிளந்து நிற்கும். கப் பெரிது என்று நினைத்து ஓர் எழுத்து குறைத்தால் பக்கவாட்டில் பிதுங்கும். தையல் போட்ட மெல்லிய காட்டன் கப் உடம்புக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும். டி-ஷர்ட்டில் தையல் கோடு தெரியும், அவ்வளவுதான். எந்தக் கப்பானாலும் போட்டதும் முன்பக்கம் குனிந்து, பக்கத்திலிருந்து உள்ளே சேர்த்து எடுத்துவிட்டு அதன் பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள். இடைவெளி என்று நினைத்தது பாதிப் பேருக்கு அதிலேயே நிறைந்துவிடும். கம்பி வைத்த வகையை நான் அதிகம் போட்டதில்லை. போட்ட அளவில், நடுப்பகுதி மார்பெலும்பில் ஒட்டி நிற்பதும், கம்பியின் நுனி அக்குளைக் குத்தாமல் இருப்பதும்தான் பார்க்க வேண்டியவை.

28சி? டேப் கணக்குப்படி சரியான விடை அதுதான். சில இணையக் கடைகளில் வரவழைக்கலாம். ஒன்று போட்டுப் பார்த்தேன், பிடிப்பு அருமை. மார்புக்கூட்டில் சதைப்பிடிப்பே இல்லாத எனக்கு மாலைக்குள் விலா உறுத்தியது. வேறு துணியில், வேறு தயாரிப்பில் அப்படி இல்லாமலும் இருக்கலாம். உங்கள் கீழ் அளவு 26, 27 என்றால் 30இல் நிற்காமல் இதையே தேடுவது நல்லது.

ஸ்லிப்-ஆன் வகை தூங்குவதற்கும், வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைக்கும் போதும். எஸ், எம் என்று இரண்டு மூன்று அளவில் எல்லோரையும் அடக்கப் பார்ப்பதாலும், கொக்கி இல்லாததால் தளர்ந்தபின் இறுக்க வழியில்லாததாலும் வெளியே போவதற்கு நான் எடுப்பதில்லை. வளரும் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் இதுவே முதல் தேர்வு. அளவு மாறிக்கொண்டே இருக்கும்போது கொக்கிக் கணக்கு எதற்கு?

கடையில் போட்டுப் பார்க்க விட்டால் ஒரு சின்ன உத்தி. பிராவைத் திருப்பி, கப் முதுகுப்பக்கம் இருக்கும்படி மாட்டி, கொக்கியை முன்னால் நுனி வரிசையில் போடுங்கள். கப்பின் குறுக்கீடு இல்லாமல் பட்டை மட்டும் எப்படி இருக்கிறது என்று தெரியும். பட்டைக்கும் உடம்புக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும், முஷ்டி நுழையக்கூடாது. போட்டுப் பார்க்க விடாத கடை என்றால் மாற்றித் தருவார்களா என்று பில் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பெரிய கடைகளிலும் பல இடத்தில் 30 உள்ளே அலமாரியில்தான் இருக்கிறது. "32தான் இருக்கு" என்ற முதல் பதிலோடு திரும்பாமல் இன்னொரு தடவை கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

30க்கு மாறிய பிறகு ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவர்கள் புதுப் பிராவைப் போட்டுக்கொண்டு போய் அளவு கொடுங்கள். பட்டை சரியாக நின்றால் மார்பு கொஞ்சம் மேலே ஏறும், மார்பு வளைவுக்காகப் பிடித்துத் தைக்கும் டாட்டின் முனை விழும் இடமும் மாறும். பழைய அளவு ஜாக்கெட்டையே கொடுத்தால் டாட் கீழே போய், புதுத் துணியும் தொளதொளவென்று வந்து நிற்கும்.